திருவனந்தபுரத்தில் ஒன்று, இத்தாலியில் ஒன்று: இரண்டு அரங்கங்களுக்குப் பெயர் தந்த ஜிம்மி ஜார்ஜ் யார்?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்: "வெள்ளயம்பலத்துல இறங்கு, ஜிம்மி ஜார்ஜ் பக்கத்துல நிக்கிறேன்." அந்த ஊரில் ஜிம்மி ஜார்ஜ் என்பது முதலில் ஒரு கட்டடம். அப்புறம்தான் ஒரு மனிதர். முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது யாரோ பழைய அமைச்சராக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நம்ம ஊர் அரங்கங்களுக்கு அரசியல் தலைவர்களின் பெயரைத்தானே வைப்பார்கள்?

அவர் அமைச்சர் இல்லை. வாலிபால் ஆட்டக்காரர். வட இத்தாலியில் பிரெஷா மாகாணத்தில் மோன்டிக்கியாரி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 25 ஆயிரம், நம்ம கணக்கில் ஒரு பேரூராட்சி அளவு. அங்கே உள்ள உள்விளையாட்டு அரங்கத்தின் பெயர் 'பாலாஜார்ஜ்'. அந்த ஜார்ஜும் இவர்தான். சொந்த மாநிலத் தலைநகரில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று என இரண்டு அரங்கங்கள் தன் பெயரைத் தாங்கும் இந்திய விளையாட்டு வீரர் வேறு யாராவது இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

1955 மார்ச் 8-ல் பிறந்து 1987 நவம்பர் 30-ல் இறந்தவர். வயது 32. அதற்குள் என்ன செய்தார், அவர் போன பாதையில் ஏன் அதிகம் பேர் போகவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இரண்டாவது கேள்வி, இப்போது வாலிபால் ஆடும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

வீட்டிலேயே ஒரு டீம்

ஜிம்மி பிறந்தது கண்ணூர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் பேராவூர். திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட மாநிலத்தின் மறுமுனை. போன நூற்றாண்டில் மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி மலபாருக்குப் போன விவசாயக் குடும்பங்கள் காடு திருத்திக் குடியேறிய பகுதி இது.

அப்பா ஜார்ஜ் ஜோசப், பல்கலைக்கழக அணிக்கு ஆடிய பழைய வாலிபால்காரர். அம்மா மேரி. பிள்ளைகளில் ஆண்கள் மட்டும் எட்டுப் பேர்: ஜோஸ், ஜிம்மி, மாத்யூ, செபாஸ்டியன், பைஜு, ஸ்டான்லி, வின்ஸ்டன், ராபர்ட். வாலிபாலில் ஒரு அணிக்குக் கோர்ட்டில் ஆறு பேர். அதாவது, ரெண்டு சப்ஸ்டிடியூட்டோடு சேர்த்து வீட்டுக்குள்ளேயே ஒரு அணி தயார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. 'ஜார்ஜ் பிரதர்ஸ்' என்ற பெயரில் எட்டு அண்ணன் தம்பிகளும் ஒரே அணியாக உண்மையிலேயே போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள். மூத்தவர் ஜோஸ் ஜார்ஜும் இந்தியாவுக்கு ஆடியவர், போலீஸ் அதிகாரியாக இருந்தவர். கடைக்குட்டி ராபர்ட்டை உங்களுக்கு வேறு பெயரில் தெரியும்: பாபி ஜார்ஜ். 2003-ல் பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினாரே அஞ்சு பாபி ஜார்ஜ், அவரது கணவர், பயிற்சியாளர்.

அண்ணன் தம்பிகள் ஆடிப் பழகிய இடம் பேராவூர் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். இந்த ஒய்.எம்.சி.ஏ. விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். வாலிபாலே பிறந்தது ஒரு ஒய்.எம்.சி.ஏ.-வில்தான். 1895-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோல்யோக் என்ற ஊரில், அங்கே உடற்கல்வி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்து ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது, நடுத்தர வயதுக்காரர்களும் ஆடும்படி ஒன்று வேண்டும் என்பது அவர் யோசனை. இந்தியாவுக்கும் அதே அமைப்பு வழியாகத்தான் இந்த ஆட்டம் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி (இப்போது நந்தனத்தில் இருப்பது) தென்னிந்தியா முழுக்க விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பியது.

கேரளத்து மலைக் கிராமங்களிலும் நம்ம தென்மாவட்டக் கிராமங்களிலும் வாலிபால் ஏன் இப்படி வேரூன்றியது? என் கணிப்பு ரொம்ப சாதாரணமானது: இடம், செலவு. கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சரிவான நிலத்தில் ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்குச் சமப்படுத்த முடியாது. இந்த அளவுக்கு முடியும். ரெண்டு கம்பம், ஒரு நெட், ஒரு பந்து வாங்கிவிட்டால் பன்னிரண்டு பேர் ஆடலாம். சாயங்காலம் ரெண்டு பல்பு போட்டால் ஊரே சுற்றி உட்கார்ந்து பார்க்கும்.

16 வயதில் மாநில அணி, 21 வயதில் அர்ஜுனா

ஜிம்மியின் வளர்ச்சி எவ்வளவு வேகமானது என்பதை வருடங்களே சொல்லும். 1971-ல் கேரள அணியில் இடம். வயது 16. 1973-ல் பாலா செயின்ட் தாமஸ் கல்லூரி. அங்கிருந்து கேரளப் பல்கலைக்கழக அணி. 1973 முதல் 1976 வரை அவர் இருந்த காலத்தில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் கேரளா தொடர்ந்து சாம்பியன். 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியச் சட்டை. அப்போது வயது 19. 1976-ல் அர்ஜுனா விருது. வயது 21. வாலிபாலில் அந்த விருதை அவ்வளவு இளம் வயதில் வாங்கியவர் அவர்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெயர்: கேரளத்தின் இன்னொரு பெரிய அட்டாக்கரும் முன்னாள் இந்தியக் கேப்டனுமான டாம் ஜோசப். பல வருஷம் காத்திருந்த பிறகு அவருக்கு அர்ஜுனா கிடைத்தது 2014-ல்.

கோட்டயம் பக்கத்தில் இருக்கும் பாலாவில் படித்தவர் எப்படி 'கேரளப் பல்கலைக்கழக' வீரரானார் என்று சிலருக்குக் குழப்பம் வரலாம். மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் கோட்டயத்தில் 1983-ல்தான் வந்தது. அதுவரை பாலா கல்லூரியெல்லாம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. 1976-ல் ஜிம்மி சேர்ந்த கேரளப் போலீஸின் தலைமையகமும் திருவனந்தபுரம்தான். பேராவூர்ப் பையனுக்கும் தலைநகருக்கும் உள்ள உறவு இந்த இரண்டு கயிறுகளால் கட்டப்பட்டது.

போலீஸ் வேலை என்றதும் 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போயிட்டார்' என்று லேசாகச் சொல்லிவிட வேண்டாம். அன்றைக்கு (பெரும்பாலும் இன்றைக்கும்) இந்திய வாலிபால் வீரருக்குச் சம்பளம் கொடுப்பது விளையாட்டு அல்ல, வேலை. ரயில்வே, ராணுவம், போலீஸ், மின்வாரியம், வங்கி, எண்ணெய் நிறுவனம் என ஏதாவது ஒரு அலுவலகம் வேலை கொடுக்கும். அந்த அலுவலகத்தின் அணிக்கு ஆடணும். முட்டி போன பிறகும் பென்ஷன் வரும். மிடில் கிளாஸ் வீட்டில் 'விளையாடு' என்று பிள்ளையை அனுப்ப இந்த ஒரு உத்தரவாதம்தான் காரணம்.

காற்றில் நிற்பது என்றால் என்ன?

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஒன்று சொல்வார்கள்: "ஆள் எழும்பினா காத்துல அப்படியே நிப்பான்." இது ரசிகர்களின் மிகையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆண்கள் வாலிபாலில் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். பந்தை நெட்டுக்கு மேலே வைத்து எதிர்க் கோர்ட்டுக்குள் கீழ்நோக்கி அடிக்கணும் என்றால் கை மூன்று மீட்டரையும் தாண்டிப் போக வேண்டும். ஒருவர் 60 சென்டிமீட்டர் எகிறினால் தரையில் கால் படாமல் இருக்கும் நேரம் சுமார் 0.7 விநாடி. ஒரு மீட்டர் எகிறினால் சுமார் 0.9 விநாடி. வித்தியாசம் 0.2 விநாடிதான். கேட்க அற்பமாக இருக்கும்.

ஆனால் பள்ளி இயற்பியலில் ஒரு அழகான விஷயம் உண்டு. மேலே போய்க் கீழே வரும் எந்தப் பொருளும் தன் மொத்த நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கில்தான் கழிக்கும். உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைவதுதான் காரணம். ஒரு மீட்டர் எகிறுகிறவர் அந்த 0.9 விநாடியில் பாதியை, அதாவது 0.45 விநாடியை, உச்சியின் கடைசி 25 சென்டிமீட்டருக்குள்ளேயே செலவழிக்கிறார். நம் கண்ணுக்கு அது 'நிற்பது' போலத்தான் தெரியும். எதிரே பிளாக் போட எழும்பியவர் 60 சென்டிமீட்டர்காரர் என்றால், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினாலும் அவர் இறங்க ஆரம்பிக்கும்போது இவர் இன்னும் மேலே போய்க்கொண்டிருப்பார். பிளாக் இறங்குவதைப் பார்த்துவிட்டு அதன் மேலே அடிக்கலாம், பக்கத்தில் அடிக்கலாம், சும்மா தட்டியும் விடலாம். மேடையில் கடைசியாகப் பேசுகிறவருக்குக் கிடைக்கும் வசதி மாதிரிதான் இது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் காலத்து விதிகள் வேறு. 1990-களின் இறுதி வரை சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் பாயின்ட். எதிரணி ராலியை ஜெயித்தால் சர்வீஸ்தான் கைமாறும், ஸ்கோர் அப்படியே இருக்கும். 15 பாயின்ட் செட் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே தனிச் சட்டையில் ஒருவர் நிற்கிறாரே, லிபெரோ, அந்த ஏற்பாடும் அப்போது கிடையாது. ஆகவே முன்னால் நின்று அடிக்கிற ஆள் சுற்று மாறிப் பின்னால் போனதும், எதிரணி வெளுத்து விடும் பந்தையும் எடுத்தாகணும். முழு ஆட்டத்தையும் அடிப்பும் எடுப்புமாகத் தாங்கும் உடம்பு வேண்டும்.

இப்போது தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு தொடலையும் 'டேட்டா வாலி' போன்ற மென்பொருளில் பதிவு செய்கிறார்கள். அதுவும் இத்தாலியில் உருவானதுதான். ஜிம்மி ஆடிய காலம் அதற்கு முந்தையது. பார்த்தவர்களின் வர்ணனைதான் நமக்குக் கிடைக்கும் பெரிய ஆவணம். டேட்டா வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அபுதாபி, அப்புறம் இத்தாலி

1979-ல் ஜிம்மிக்கு 24 வயது. இந்திய அணியில் நிரந்தர இடம், அர்ஜுனா, அரசு வேலை எல்லாம் கையில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு வாலிபால்காரர் போய்ச் சேரக்கூடிய உச்சம் அவ்வளவுதான். அதற்கு மேலே ஏறப் படி இல்லை.

அந்த நேரத்தில் அழைப்பு வந்தது அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்பிலிருந்து. 1970-களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வளைகுடாவுக்குக் கிளம்பிய காலம் அது. கொத்தனார், டிரைவர், நர்ஸ், கணக்கர் போன அதே திசையில் ஒரு ஸ்பைக்கரும் போனார். 1982 வரை அங்கே ஆடினார். வளைகுடாவின் சிறந்த வீரர்களில் ஒருவராகப் பெயர் எடுத்தார்.

அடுத்த தாவல்தான் பெரிது. 1982-ல் இத்தாலியின் ட்ரெவிசோ கிளப். வெளிநாட்டில் தொழில்முறை வாலிபால் ஆடிய முதல் இந்தியர் என்று வரலாறு அவரைக் குறிப்பது இங்கிருந்துதான். ஏன் இத்தாலி? கிரிக்கெட்டுக்கு இன்றைய ஐ.பி.எல். எப்படியோ, அன்றைய வாலிபாலுக்கு இத்தாலிய லீக் அப்படி ஆகிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் காசு போட்டன, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள் போனார்கள். அதன் பலன் பின்னால் தெரிந்தது. 1990, 1994, 1998 என மூன்று உலகக் கோப்பைகளை இத்தாலி ஆண்கள் அணி வரிசையாக ஜெயித்தது. அந்த லீக் சூடேறிக்கொண்டிருந்த வருடங்களில் பேராவூர்க்காரர் ஒருவர் உள்ளே இருந்தார் என்பது சாதாரண விஷயமில்லை.

1982 என்பது தில்லி ஏஷியாட் நடந்த வருஷமும்கூட. இந்தியா முழுக்கக் கலர் டிவி வந்த வருஷம். ஜிம்மி இந்தியாவுக்காக ஆடிய ஆசியப் போட்டிகள் 1974 தெஹ்ரான், 1978 பாங்காக், 1986 சியோல். சொந்த மண்ணில் நடந்த போட்டி அந்தப் பட்டியலில் இல்லை. இத்தாலியில் அவர் ஆடிய எந்த ஆட்டமும் இந்திய வீடுகளின் டிவியில் வந்ததும் இல்லை. 1983-ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கியதை நாடே கொண்டாடியது. அதே ஐரோப்பாவில், அதே வருஷத்தில் இன்னொரு இந்தியர் வாரா வாரம் ஆடிக்கொண்டிருந்தது பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி வரவில்லை.

சியோல் 1986: கடைசிப் பதக்கம்

1986-ல் 31 வயது ஜிம்மி இந்திய அணிக்குத் திரும்பினார். அந்த அணியில் சிரில் வல்லூர், கே. உதயகுமார், அப்துல் பாசித் போன்றவர்கள் இருந்தார்கள். சியோலில் சீனாவுக்குத் தங்கம், தென்கொரியாவுக்கு வெள்ளி, இந்தியாவுக்கு வெண்கலம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜப்பான் நான்காவது இடத்தில்.

ஆண்கள் வாலிபாலில் இந்தியாவின் ஆசியப் பதக்கக் கணக்கு ரொம்பச் சின்னது: 1958 டோக்கியோவில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம். அவ்வளவுதான். சியோலுக்குப் பிறகு 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டி வரைக்கும் ஒன்றும் இல்லை. அந்த ஹாங்சோவில் ஒரு நல்ல ராத்திரி அமைந்தது. தென்கொரியாவை 3-2 என்று இந்தியா வீழ்த்தியது. அடுத்து சீன தைபேயை 3-0. காலிறுதியில் ஜப்பானிடம் தோற்று, கடைசியில் ஆறாவது இடம். ஒலிம்பிக்கில் இந்திய வாலிபால் அணி இதுவரை ஆடியதே இல்லை.

சியோலுக்கு அடுத்த வருஷம் ஜிம்மி மறுபடி இத்தாலியில், பிரெஷா பகுதி அணியில் இருந்தார். 1987 நவம்பர் 30 அன்று அங்கே நடந்த கார் விபத்தில் இறந்தார். உடல் பேராவூருக்கு வந்தது.

அதே 1987-ல் தேசிய விளையாட்டுப் போட்டியைக் கேரளா நடத்தியது. அதற்காக வெள்ளயம்பலத்தில் கட்டிய உள்விளையாட்டு அரங்கம் அவர் பெயரைப் பெற்றது. மோன்டிக்கியாரியில் எழுந்த அரங்கத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். 1989 முதல் கேரளத்தின் சிறந்த விளையாட்டு வீரருக்கு ஜிம்மி ஜார்ஜ் அறக்கட்டளை விருது தருகிறது. அபுதாபியில் கேரள சோஷியல் சென்டர் அவர் பெயரில் வாலிபால் போட்டி நடத்துகிறது. அமெரிக்கா, கனடாவில் உள்ள மலையாளிகளும் ஊர் மாற்றி ஊர் ஜிம்மி ஜார்ஜ் கோப்பைக்காக ஆடுகிறார்கள். மலையாளிகள் பிழைக்கப் போன இடத்துக்கெல்லாம் அவர் பெயரும் கூடவே போயிருக்கிறது.

பின்னால் யாரும் போகவில்லையா?

போகவே இல்லை என்று சொல்ல முடியாது. அவ்வப்போது சிலர் வெளிநாட்டு கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு பாதையாக மாறவில்லை. திறமை இல்லாததால் என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் ஏ. பழனிசாமி. ஜி.இ. ஸ்ரீதரன் 1982-ல் அர்ஜுனா, 2007-ல் பயிற்சியாளருக்கான துரோணாச்சார்யா இரண்டையும் வாங்கியவர். தேசியப் போட்டிகளில் கேரளாவும் தமிழ்நாடும் பழைய எதிரிகள். ஆள் பஞ்சம் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில். ஜிம்மியின் பாதையைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஊர்க் கோர்ட்டைக் குடும்பமும் ஒய்.எம்.சி.ஏ.-வும் கொடுத்தன. பல்கலைக்கழகம் போட்டி அனுபவத்தைக் கொடுத்தது. போலீஸ் சம்பளம் கொடுத்தது. இந்த மூன்று படிகளையும் சமூகமும் அரசும் கட்டி வைத்திருந்தன. நான்காவது படி, அதாவது வாரா வாரம் தன்னைவிடப் பலசாலிகளோடு மோதி ஆட்டத்தை வளர்த்துக்கொள்ளும் லீக், இந்தியாவில் இல்லை. அதை அவர் கடல் கடந்து போய்த் தேடிக்கொண்டார். அவர் இறந்த பிறகு மூன்று படிகளும் அப்படியே இருந்தன. நான்காவதை யாரும் கட்டவில்லை. இருபதுகளின் நடுவில் ஒரு ரயில்வே வேலை கிடைத்துவிட்டால், அதை விட்டுவிட்டுத் தெரியாத நாட்டுக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போவது யாருக்கும் புத்திசாலித்தனமாகத் தோன்றாது. ஐ.டி.யில் இருக்கும் நீங்கள் ஸ்டார்ட்அப்புக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது வரும் பயத்தோடு, முட்டியில் அடிபட்டால் எல்லாம் முடிந்தது என்ற பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லீக் வர 2019 ஆனது. அந்த வருஷம் கொச்சியிலும் சென்னையிலும் புரோ வாலிபால் லீக் நடந்தது. சென்னையில் நடந்த இறுதிப்போட்டியில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் அணி காலிகட் ஹீரோஸை வென்றது. கோழிக்கோட்டின் அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரோம் வினித். நம்ம தமிழ்நாட்டுக்காரர். நல்ல தொடக்கம். ஆனால் ஒரே சீசனில் லீக் நின்றுபோனது. போட்டியை நடத்திய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை இந்திய வாலிபால் கூட்டமைப்பு ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்பே, 2016-ல், உட்பூசல் காரணமாக அந்தக் கூட்டமைப்பை சர்வதேசக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்திருந்தது. வீரர்கள் கோர்ட்டில் ஆட வேண்டிய வருஷங்களில் நிர்வாகிகள் வேறு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2022-ல் கூட்டமைப்பைச் சாராமல் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியது. டிவிக்கு வசதியாக 15 பாயின்ட் செட், சில சர்வீஸ்களுக்கும் பாயின்ட்களுக்கும் இரட்டை மதிப்பு என்று விதிகளைச் சுருக்கினார்கள். முதல் கோப்பை கொல்கத்தாவுக்கு, 2023-ல் அகமதாபாத்துக்கு, 2024-ல் சென்னையில் நடந்த இறுதியில் காலிகட்டுக்கு. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இங்கே வந்து ஆடுகிறார்கள். ஜிம்மி காலத்தில் இது நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது.

ஆனாலும் ஒரு எண்ணைப் பாருங்கள். முதல் சீசன் ஹைதராபாத்தில் பிப்ரவரி 5-ல் தொடங்கி பிப்ரவரி 27-ல் முடிந்தது. மொத்தம் 23 நாள். அடுத்து வந்த சீசன்கள் கொஞ்சம் நீண்டாலும் மாதக் கணக்கில் ஓடவில்லை. இத்தாலிய லீக் அக்டோபரில் தொடங்கினால் அடுத்த வருஷம் வசந்தகாலம் வரை ஓடும். சுமார் ஏழு மாதம். ஒரு மாதத்துக்கு ஆட்டக்காரர், மீதிப் பதினோரு மாதத்துக்கு அலுவலக ஊழியர் என்ற நிலைமையில் லீக் ஒப்பந்தத்தை நம்பி யாரும் வேலையை விட மாட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தென்மாவட்டத்துக் கிராமத்தில் இன்றைக்குச் சாயங்காலம் நெட் கட்டும் பையனிடம் "பெரியவனானதும் என்ன ஆகணும் தம்பி?" என்று கேட்டால், லீக்கில் ஆடணும் என்பதற்கு முன்னால் போலீஸ் டீம், ரயில்வே டீம் என்றுதான் சொல்வான். 1976-ல் ஜிம்மியும் அங்கேதான் தொடங்கினார். அதைத் தாண்டிப் போக அவருக்கு மூன்று வருஷமும் அபுதாபியிலிருந்து ஒரு அழைப்பும் தேவைப்பட்டன.